எண்பதுக்கு முன்னமே நோட்டீஸ்: லண்டன் லீஸ் வீடு பற்றி வாசகர் கேள்விகள்

காணி உறுதி, ஒற்றி, எல்லைச் சண்டை, இவற்றுக்கு அடுத்தபடியாக இந்தப் பகுதிக்கு இப்போது கூட வருவது லண்டனில் பிள்ளைகள் வாங்கிய பிளாட் பற்றிய கடிதங்கள். இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே விட்டிருக்கிறேன். லண்டன் வீடு பற்றி இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம். ஸ்கொட்லாந்தில் வாங்கியவர்கள் தங்களைப் போட்டுக் குழப்ப வேண்டாம், அங்கே பிளாட்டையும் பெரும்பாலும் முழு உரித்தோடுதான் விற்கிறார்கள்.

கேள்வி: என் மகன் 2011 இல் ஈஸ்ட்ஹாமில் ஒரு பிளாட் வாங்கினார். முந்தி அது கவுன்சில் வீடு. என் பென்சன் காசிலும் கொஞ்சம் அனுப்பினேன். "125 வருட லீஸ் அப்பா, பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் காணும்" என்று அப்போது சொன்னார். அண்மையில் இங்கே வந்து நின்றபோது அவர் கொண்டுவந்த பத்திரங்களைப் பார்த்தேன், 1983 மார்ச் 25 இலிருந்து 125 வருடம் என்று இருக்கிறது. வாங்கியது 2011 இல் என்றால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? விற்கிற நேரம் பார்த்துக்கொள்ளலாம் மாமா என்கிறார் மருமகள். நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. 1983 மார்ச் 25 இலிருந்துதான் எண்ண வேண்டும். மகன் 2011 இல் வாங்கியபோதே மிச்சம் இருந்தது 97 வருடம். இந்த லீஸ் 2108 மார்ச் 24 இல் முடிகிறது, 2028 மார்ச்சில் மிச்சம் 80 வருடமாகிவிடும். அந்த 80 தான் இதில் உயிர்நாடி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நாங்கள் அறுதி உறுதியோடு வளர்ந்த ஆட்கள். உறுதி கைக்கு வந்தால் காணி எங்களுடையது, மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம், பேரனுக்கு நன்கொடையாக எழுதலாம், முடிவுத் தேதி என்று ஒன்று கிடையாது. இங்கிலாந்தில் பிளாட் வாங்குகிறவர் பெரும்பாலும் வாங்குவது குறிப்பிட்ட வருடங்களுக்கு அந்த வீட்டில் இருக்கும் உரிமையை. நிலமும் கட்டடமும் பிறீஹோல்டர் என்ற நிலச்சொந்தக்காரரிடமே இருக்கும், உங்கள் மகனுடைய விஷயத்தில் அது அநேகமாகக் கவுன்சில். வருடம் குறையக் குறைய வீட்டின் பெறுமதியும் குறைகிறது. முதல் முப்பது நாற்பது வருடம் அது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை.

முன்னாள் கவுன்சில் வீடுகளில் இன்னொரு விஷயம் உண்டு. 1980 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் பிறகு குடியிருந்தவர்களுக்கே வீட்டை விற்றபோது, ஒரு கட்டடத்தில் முதல் விற்ற பிளாட்டின் லீஸ் எந்த நாளில் முடிகிறதோ அதே நாளில் முடியும்படியே மற்ற பிளாட்களின் லீஸையும் பல கவுன்சில்கள் எழுதின. ஆகவே 1995 இல் கவுன்சிலிடம் நேரே வாங்கியவர் வீட்டிலும் 1983 இலிருந்து 125 வருடம் என்றே இருக்கலாம். "எங்களுடையது பிந்தி வாங்கின வீடு" என்று யாரும் நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். இங்கிலாந்தின் லாண்ட் ரெஜிஸ்ட்ரி இணையத்தளத்தில் 7 பவுண்ஸ் கட்டினால் பதிவேட்டுப் பிரதியை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே எடுக்கலாம், வீடு யார் பெயரில் இருந்தாலும் எடுக்கலாம். அதில் ஏ, பி, சி என்று மூன்று பகுதி இருக்கும். ஏ பகுதியில் லீஸின் விபரம் சுருக்கமாக வரும்: லீஸ் எழுதிய தேதி ஒரு வரி, "ரேம்" என்ற காலம் ஒரு வரி, கைச்சாத்திட்ட தரப்புகள் ஒரு வரி. எழுதிய தேதி 1995 ஆக இருக்கும், காலம் 1983 இலிருந்து ஓடும். இரண்டாவது வரியைத்தான் பார்க்க வேண்டும்.

இனி 80 க்கு வருவோம். 1993 ஆம் ஆண்டுச் சட்டம் பிளாட் வைத்திருப்பவருக்கு ஒரு உரிமை தந்திருக்கிறது. மிச்சம் இருக்கும் வருடத்தோடு இன்னொரு 90 வருடத்தைச் சேர்த்து, நிலச்சொந்தக்காரருக்கு வருடாவருடம் கட்டும் நில வாடகையைப் பூச்சியமாக்கிப் புது லீஸ் கேட்கலாம், விலையைக் கொடுத்தால் நிலச்சொந்தக்காரர் மறுக்க முடியாது. அந்த விலையை முடிவுசெய்யும்போது மிச்சம் 80 வருடத்துக்கு மேலே இருந்தால் ஒரு கணக்கு, 80 அல்லது அதற்குக் கீழே என்றால் வேறு கணக்கு. கீழே போனால் மரேஜ் வல்யூ என்று ஒன்று சேரும். லீஸ் நீளுவதால் வீட்டின் பெறுமதி எவ்வளவு கூடுகிறதோ அந்த இலாபத்தில் பாதி நிலச்சொந்தக்காரருக்கு.

கணக்கை ஒருக்கால் போட்டுக் காட்டுகிறேன், மகனுக்கும் மருமகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். மிச்சம் 82 வருடம் இருக்கும்போது நோட்டீஸ் கொடுப்பதாகவும், நீண்ட லீஸ் இருந்தால் அந்த பிளாட் 320,000 பவுண்ஸ் பெறும் என்றும் வைத்துக்கொள்வோம். முன்னாள் கவுன்சில் வீடுகளில் நில வாடகை வழக்கமாக வருடம் 10 பவுண்ஸ்தான், அதை இழப்பதற்கு ஒரு 140 பவுண்ஸ் வரும். அடுத்தது, 82 வருடம் கழித்து நிலச்சொந்தக்காரர் கைக்குத் திரும்ப வேண்டிய வீடு இன்னும் 90 வருடம் பிந்துவதற்கு நட்டஈடு. இதற்கு, 82 வருடம் கழித்து வரும் 320,000 இன் இன்றைய பெறுமதியை வருடம் 5 வீதக் கழிவில் பார்ப்பார்கள், ஸ்போர்ட்டெல்லி என்ற இங்கிலாந்து வழக்கோடு பிளாட்களுக்கு நிலைபெற்ற வீதம் அது. கிட்டத்தட்ட 5,850 வரும். ஆக எல்லாம் சேர 6,000 மட்டில். அதே வீடு 80 க்குச் சற்றுக் கீழே போனபின் பாருங்கள். முதல் இரண்டும் சேர்ந்து 6,600 மட்டில். அதற்கு மேல், லீஸ் நீட்டாத நிலையில் வீடு 302,000 தான் பெறும் என்று மதிப்பீட்டாளர் சொன்னால், 320,000 க்கும் இதற்கும் இடையில் உள்ள 18,000 இல் நிலச்சொந்தக்காரரின் 6,600 ஐக் கழித்து வரும் 11,400 இல் பாதி, 5,700 பவுண்ஸ், மரேஜ் வல்யூவாகப் போகும். மொத்தம் 12,300. அந்த ஒரு கோட்டைத் தாண்டியதற்கே விலை இரட்டிப்பாகிறது. 302,000 என்பது என் உதாரணம்தான், இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் உண்மையில் சண்டை பிடிப்பது அந்த எண்ணிலேயே.

இதற்கு மேல் செலவும் உண்டு. உங்கள் சொலிசிற்றர், உங்கள் மதிப்பீட்டாளர், அதோடு இப்போதைய சட்டப்படி நிலச்சொந்தக்காரரின் சொலிசிற்றருக்கும் மதிப்பீட்டாளருக்கும் ஆகும் நியாயமான செலவு, எல்லாவற்றையும் லீஸ் நீட்டுகிறவரே கொடுக்க வேண்டும். விலைத் தகராறைத் தீர்க்கும் தீர்ப்பாயத்துக்குப் போனால் அங்கே ஆகும் செலவை மட்டும் அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

மருமகள் சொல்லும் "விற்கிற நேரம்" பற்றியும் சொல்ல வேண்டும். விற்கிற நேரம் வாங்க வருகிறவர் வங்கியில் மோட்கேஜ் கேட்பார், வருடம் குறைந்த லீஸுக்கு வங்கிகள் பின்னடிக்கும். அப்போது ஒன்றில் விலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், அல்லது அந்த அவசரத்தில் லீஸ் நீட்ட ஓட வேண்டும். நிலச்சொந்தக்காரருக்கு ஒரு அவசரமும் இராது. மகன் மீள்கடன் எடுக்கப் போனாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது இது. லீஸ் நீட்டும் அலுவலில் பழகிய ஒரு சொலிசிற்றரையும் ஒரு மதிப்பீட்டாளரையும் பிடிக்க வேண்டும். வீடு வாங்கும்போது பத்திரம் எழுதியவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் இது தனி வேலை. மதிப்பீட்டாளர் சொல்லும் தொகையை வைத்து 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதில் நீங்கள் தர நினைக்கும் விலை இருக்கும். நோட்டீஸ் கொடுத்த நாளில் எத்தனை வருடம் மிச்சமோ அதை வைத்துத்தான் விலை. பிறகு பேச்சுவார்த்தை ஒரு வருடம் இழுபட்டு 80 க்குக் கீழே போனாலும் மரேஜ் வல்யூ சேராது. ஆகவே 2028 மார்ச்சுக்குள் முழு அலுவலையும் முடிக்கத் தேவையில்லை, நோட்டீஸ் சரியான ஆளின் கையில் சேர்ந்திருந்தால் காணும். இடையில் தலைமை லீஸ் வைத்திருக்கும் ஒரு கம்பனி இருந்தால் யாருக்குக் கொடுப்பது என்பதை சொலிசிற்றர் வடிவாகப் பார்க்க வேண்டும், பிழையான ஆளுக்குக் கொடுத்த நோட்டீஸ் செல்லாது.

பதில் நோட்டீஸ் தர நிலச்சொந்தக்காரருக்குக் குறைந்தது இரண்டு மாதம் விட வேண்டும். நீங்கள் எழுதிய தொகையில் 10 வீதத்தை, அல்லது 250 பவுண்ஸை, எது கூடவோ அதை, வைப்பாகக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. பதில் வந்து இரண்டு மாதத்துக்குள் விலை படியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போயிருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டால் நோட்டீஸ் வாபஸ் வாங்கியதாகிவிடும், அடுத்த நோட்டீஸுக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். 80 க்குக் கிட்ட நிற்கும் வீட்டுக்கு அந்த 12 மாதம் என்ன செய்யும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நோட்டீஸ் கொடுத்த கையோடு அதை லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதியச் சொல்லுங்கள், இடையில் கட்டடம் வேறு ஒருவருக்குக் கைமாறினாலும் அது அவரைக் கட்டும்.

மகன் வேலை, பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருப்பார். நீங்கள் விடாமல் கேளுங்கள் ஐயா. பத்திரத்தை எடுத்துப் பார்த்தது நீங்கள்தானே.

கேள்வி: மச்சான் லண்டனில் இருக்கிறார், அவருடைய பிளாட்டுக்கு 81 வருடம் மிச்சம். புதுச் சட்டம் வந்துவிட்டது, 990 வருடம் தருவார்கள், மரேஜ் வல்யூவும் எடுபட்டுவிட்டது, இப்போது காசைக் கொட்டுவது மடத்தனம் என்று அவருடைய கூட்டாளிகள் சொல்கிறார்களாம். பொறுத்திருக்கலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: தம்பி, கூட்டாளிகள் சொல்வதில் பாதி உண்மை. 2024 மே 24 இல் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேறியது. 90 வருடத்துக்குப் பதிலாக 990 வருடம், மரேஜ் வல்யூ நீக்கம், நிலச்சொந்தக்காரரின் செலவை நாங்கள் கட்டும் முறையில் மாற்றம், எல்லாம் அந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு சட்டம் நிறைவேறுவது வேறு, அதன் ஒவ்வொரு பிரிவும் நடைமுறைக்கு வருவது வேறு. வாங்கி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31 இல் எடுபட்டது, அது நடைமுறையில் இருக்கிறது, வாங்கியவர் இரண்டு வருடம் காத்திருக்காமலே நோட்டீஸ் கொடுக்கலாம். மச்சானுக்குத் தேவையான பெரிய பிரிவுகள் இதை எழுதும்வரை நடைமுறைக்கு வரவில்லை. கணக்குக்கு எந்த வீதத்தைப் பாவிப்பது என்பதை அரசாங்கம் தனியாக அறிவிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவை ஓடத் தொடங்கும். நிலச்சொந்தக்காரர்கள் சிலர் இந்தச் சட்டத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள், 2025 ஒக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அது நல்ல செய்தி. ஆனால் அதை நம்பி ஒரு தேதியைக் குறிக்க முடியாது.

என் அபிப்பிராயத்தை நேரே சொல்கிறேன். 95, 100 வருடம் மிச்சம் உள்ளவர் பொறுத்திருக்கலாம், அவருக்குப் பெரிய நட்டமில்லை. 80 க்குக் கீழே எப்போதோ போய்விட்ட, விற்கும் எண்ணமோ மீள்கடன் எடுக்கும் தேவையோ இல்லாத ஒருவர் பொறுத்தால் இலாபம் வரவும் கூடும், மரேஜ் வல்யூ எடுபட்டால் அவருக்குத்தான் அதிகம் குறையும், ஆனாலும் அவர் தன் மதிப்பீட்டாளரோடு கதைத்து முடிவெடுக்க வேண்டும். 81 இல் நிற்கும் மச்சான் இந்த இரண்டு கூட்டத்திலும் சேரமாட்டார். ஒரு வருடத்துக்குள் புதுச் சட்டம் வராவிட்டால் அவர் தானாகவே கோட்டுக்குக் கீழே போய்விடுவார், பிறகு பழைய சட்டத்தில் கூடிய விலை. இப்போது நோட்டீஸ் கொடுத்து 90 வருடம் சேர்த்தால் 171 வருடம், நில வாடகை பூச்சியம். 990 க்கும் 171 க்கும் இடையில் மச்சானுக்கோ அவருடைய பிள்ளைகளுக்கோ காசளவில் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் அவருடைய இடத்தில் இருந்தால் பொறுக்கமாட்டேன்.

லீஸ்ஹோல்ட் எட்வைசரி சேர்விஸ் என்று அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆலோசனை நிலையம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாக "லீஸ்" என்பார்கள். ஆலோசனை இலவசம், அவர்களுடைய இணையத்தளத்தில் உத்தேசமாக விலை பார்க்கும் கணிப்பானும் உண்டு. கூட்டாளிகளைக் கேட்க முதல் அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நானும் கணவரும் கனகாலம் லண்டனில் இருந்துவிட்டுச் சாவகச்சேரிக்குத் திரும்பி வந்தோம். அங்கே உள்ள பிளாட் இருவர் பெயரிலும் இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறோம். கணவர் காலமாகிவிட்டார். லீஸ் இன்னும் 84 வருடம்தான். மகன் கனடாவில். அங்கே வசிக்காத நான் லீஸ் நீட்டலாமா? அதற்காக லண்டன் போக வேண்டுமா? முழங்கால் வருத்தத்தோடு என்னால் ஏலாது.
– வாசகி, சாவகச்சேரி

பதில்: அம்மா, நீட்டலாம், போகவும் தேவையில்லை. முந்தி அந்த வீட்டில் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, 2002 ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. வாடகைக்கு விட்டிருப்பதும் தடை இல்லை. நோட்டீஸில் நீங்களே கையெழுத்து வைக்க வேண்டும் என்ற விதியும் 2014 இல் மாறியது, உங்களுக்காக சொலிசிற்றர் வைக்கலாம்.

முதலில் பெயர் அலுவல். கணவரின் மரணச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதியை லாண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பி அவருடைய பெயரை எடுக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் எடுங்கள். இதோடு ஒரு விஷயத்தை வடிவாகப் பாருங்கள். பதிவேட்டுப் பிரதியின் பி பகுதியில், உயிரோடு இருக்கும் ஒருவர் தனியாக இந்த வீட்டைக் கைமாற்ற முடியாது என்ற கருத்தில் ஒரு தடை வாசகம் இருக்கிறதா? இருந்தால் நீங்களும் கணவரும் தனித்தனிப் பங்காக வைத்திருந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போது அவருடைய பங்கு அவருடைய மரணசாதனப்படி போகும், அலுவலும் கொஞ்சம் நீளும். சொலிசிற்றருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது விலாசம். நிலச்சொந்தக்காரரும் லாண்ட் ரெஜிஸ்ட்ரியும் கடிதம் அனுப்புவது பதிவேட்டில் உள்ள விலாசத்துக்கு. உங்களுடையதில் பெரும்பாலும் அந்த பிளாட்டின் விலாசமே இருக்கும், அங்கே இருப்பது வாடகைக்காரர். அவர் கடிதத்தைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். பதிவேட்டில் மூன்று விலாசம் வரை கொடுக்கலாம், வெளிநாட்டு விலாசமும் மின்னஞ்சலும் ஏற்பார்கள். சாவகச்சேரி விலாசம், மகனுடைய விலாசம், ஒரு மின்னஞ்சல் என்று மூன்றையும் கொடுங்கள். வீட்டின் பதிவேட்டில் யாராவது கைவைக்கப் பார்த்தால் மின்னஞ்சலில் அறிவிக்கும் இலவசச் சேவையும் அங்கே இருக்கிறது, "புரொப்பர்ட்டி அலேர்ட்" என்று பெயர். மகன் கனடாவில் இருந்தே அதில் பதியலாம். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள்தான் மோசடிக்காரருக்கு வசதி, தயவுசெய்து இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அற்றோணி பற்றி. மகனுக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து அவரைக் கொண்டு செய்விக்கலாம். ஆனால் இங்கே காணி அலுவலுக்கு நொத்தாரிசு வழக்கமாக எழுதும் அற்றோணியை அப்படியே அனுப்பினால் அங்கே கேள்வி வரும். லண்டன் சொலிசிற்றர் தங்கள் சட்டப்படி எழுதி அனுப்பும் பத்திரத்தை எடுத்து, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்தில் அலுவல் பார்க்கும் ஒரு நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்து வையுங்கள். கடவுச்சீட்டையும் அதே இடத்தில் அத்தாட்சிப்படுத்தலாம்.

காசு: வாடகை அங்குள்ள கணக்கில் சேர்ந்திருந்தால் அதிலிருந்தே கட்டுவது லேசு. இங்கிருந்து அனுப்புவதென்றால் அந்நியச் செலாவணி விதி குறுக்கே வரும், முதலில் உங்கள் வங்கியில் கேளுங்கள்.

கேள்வி: தங்கையின் பிளாட்டுக்கு 76 வருடம் மிச்சம். நிலச்சொந்தக்காரரின் முகவர் கடிதம் போட்டிருக்கிறார்: நோட்டீஸ், லோயர் என்று அலைய வேண்டாம், 9,000 பவுண்ஸ் தந்தால் 125 வருடமாக ஆக்கித் தருகிறோம், நில வாடகை இப்போது உள்ளபடி 250, அது 25 வருடத்துக்கு ஒருக்கால் இரட்டிக்கும். விலை குறைவாகத் தெரிகிறது. எடுக்கலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: கையெழுத்து வைக்க முதல் தங்கையைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். 125 ஆக்குவது என்றால் சேருவது 49 வருடம். சட்டப்படி போனால் 90 சேர்ந்து 166, நில வாடகையும் அன்றைக்கே பூச்சியம். 2022 ஜூன் 30 இலிருந்து புது லீஸ்களுக்கு நில வாடகை வாங்க முடியாது என்று ஒரு சட்டம் இருக்கிறதுதான், ஆனால் இப்படிப் பேசித் தீர்க்கும் நீடிப்பில் பழைய லீஸின் மிச்சக் காலத்துக்குப் பழைய வாடகை தொடரலாம், புதிதாகச் சேரும் வருடங்களுக்கு மட்டும்தான் அது இல்லாமல் போகும். ஆகவே இன்னும் 76 வருடம் 250, 500, 1,000 என்று ஏறும். நாளைக்கு வாங்க வருகிறவருடைய சொலிசிற்றரின் கண் முதலில் போய் நிற்பது அந்த வரியில்தான்.

ஏறும் நில வாடகையை நீக்குவதற்கும், 80 க்குக் கீழே என்பதால் மரேஜ் வல்யூவுக்கும் சேர்த்துப் பார்த்தால் சட்டப்படியான விலை 9,000 ஐ விடக் கூட வரும், அதை மறைக்கவில்லை. மதிப்பீட்டாளரிடம் அந்தத் தொகையை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முகவர் அனுப்பும் புது லீஸை முழுக்க வாசிக்கவும் வேண்டும், வாடகைக்கு விட அனுமதிக் கட்டணம், நாய் பூனை வளர்க்க அனுமதிக் கட்டணம் என்று பழைய லீஸில் இல்லாதவை உள்ளே வந்திருக்கலாம். பேசித் தீர்ப்பது எல்லா நேரமும் பிழை என்று சொல்லவில்லை, நல்ல நிலச்சொந்தக்காரரோடு அது கெதியாக முடியும். ஆனால் கடைசிக் கையெழுத்து விழும்வரை அவர் எந்த நாளும் பின்வாங்கலாம், விலையைக் கூட்டலாம், அதுவரை வருடம் ஓடிக்கொண்டே இருக்கும். 42 ஆம் பிரிவு நோட்டீஸைக் கொடுத்துவிட்டு அதன் பிறகும் பேசலாமே, அதற்கு ஒரு தடையும் இல்லை.

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு ஒன்று பார்க்கிறோம். அதுவும் இப்படி வருடம் முடிகிற வீடா? மகளுக்குப் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு, அவள் பெயரில் வாங்கலாமா?
– வாசகி, நல்லூர்

பதில்: இல்லை அம்மா, கொழும்பில் தொடர்மாடி வீடு 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி தனி உறுதியோடு விற்கப்படுகிறது. வீடும், நிலம், படிக்கட்டு, மொட்டைமாடி போன்ற பொதுப் பகுதிகளில் ஒரு பங்கும் வாங்குகிறவருக்குச் சொந்தம், வருடம் எண்ணத் தேவையில்லை. கொண்டோமினியம் பிளான் பதியப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள், அது பதியாமல் உங்களுக்கு உறுதி எழுத முடியாது.

மகளுக்கு இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. பிரிட்டிஷ் குடியுரிமை மட்டும் என்றால் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் அவரை வெளிநாட்டவராகவே பார்க்கும். ஆனாலும் தொடர்மாடி வீட்டை, முழுக் காசையும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே கொண்டுவந்து கட்டி வாங்கலாம்.

கேள்வி: லண்டன் மாதிரி எங்கள் ஊரிலும் லீஸ் நீட்டும் உரிமை இருக்கிறதா? அப்பா காலத்தில் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த கோயில் காணியில் வீடு கட்டி இருக்கிறோம்.
– வாசகர், வண்ணார்பண்ணை

பதில்: 1993 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் பிளாட்களுக்கு உரியது, வண்ணார்பண்ணைக்கு அது வராது. உங்களுக்கு உள்ள உரிமை குத்தகை உறுதியில் எழுதியிருப்பது மட்டும்தான். புதுப்பிக்கலாம் என்று ஒரு வாசகம் அதில் இருக்கிறதா, கட்டிய வீட்டுக்கு நட்டஈடு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும், வெறும் துண்டுக் கடதாசியில் கையெழுத்து வைத்தது சட்டத்தில் நிற்காது. காணிப் பதிவகத்தில் அந்த உறுதி பதியப்பட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள்.

கோயில் நிர்வாகத்தோடு இப்போதே கதையுங்கள், பழைய ஆட்கள் இருக்கும்போதே. புதுப்பிக்க அவர்கள் ஒத்துக்கொண்டால் நிர்வாகசபைத் தீர்மானம் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும், காணி கோயிலின் தர்மச் சொத்து என்பதால் நிர்வாகத்துக்கு அப்படி நீண்ட குத்தகை கொடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பதையும் உங்கள் நொத்தாரிசு பார்க்க வேண்டும். இரண்டும் சரி என்றால் புது உறுதியை எழுதிப் பதிந்துவிடுங்கள், வாய்ச் சொல்லை நம்பி மேல்மாடி கட்டத் தொடங்க வேண்டாம்.